படிக்க மட்டும்

ஜூலை. கோத்தகிரிக்குக் கீழே எங்கள் பேக்டரியில்
இரண்டாம் ஷிப்ட்.
ரோலர் தரையை உலுக்க
கணக்கறையில் கீபோர்டும் கூடவே நடுங்கும்.

"நெட்டை யாரோ தின்கிறார்கள், கண்டுபிடி"
என்றார் மேனேஜர் ஜெபக்குமார்.
நான் சம்பளப் பதிவுக்காரி.
கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருமுறை சொன்ன பாவத்துக்கு
பிரிண்டர் முதல் கேமரா வரை என் தலையில்.

ரெடிமேட் கருவிகள் உண்டு, ஒரே வரியில் முடியும்.
ஆனால் மூன்று மாதமாக ரஸ்ட் படிக்கிறேன்.
ரஸ்ட் என்றால் துரு.
இந்த ஊரில் ஆணியும் கீலும் குடைக்கம்பியும்
தானாகவே கற்றுக்கொள்ளும் பாடம்.
எனக்குத்தான் நாளாகிறது.

பஸ் ஸ்டாண்டு மொபைல் கடை வைஃபையில்
பாடங்களை இறக்கி வைத்து
டவர் படுத்த இரவுகளில் படித்தேன்.
வீடியோக்காரர் ஆறாம் நிமிடத்தில் "இது ரொம்ப ஈஸி" என்றார்.
அணைத்துவிட்டேன்.
புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.
வேண்டுமென்றே உடைத்து வைத்த பயிற்சிகள் ஒரு கட்டு,
ஒட்டவைப்பது நம் வேலை.
முப்பத்தெட்டு முடித்திருந்தேன்.

ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே உடைமைக்காரர்.
கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பத் தொட முடியாது.
கடன் வாங்கலாம்.
படிக்க மட்டும் என்றால் எத்தனை பேரும், ஒரே நேரத்தில்.
மாற்ற என்றால் ஒருவர்.
அந்த நேரம் வேறு யாரும் எட்டிப் பார்க்கவும் கூடாது.
எங்கள் கூட்டுறவு பேங்கில்
கடனை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கம்பைலர் பதினேழு பிழை காட்டியது.
கோடு இழுத்து, அம்பு போட்டு,
இங்கே கொடுத்துவிட்டாய்
இங்கே மறுபடி கேட்கிறாய் என்றது.
திட்டவில்லை. அது எனக்குப் புதிது.

இருநூற்று ஐம்பத்து நான்கு முகவரி.
தட்டு. திறந்தால் எழுது. மறுத்தால் விடு.
சத்தமே இல்லையென்றால்
முந்நூறு மில்லிசெகண்ட் நின்று பார்த்துவிட்டுப் போ.
ஒவ்வொரு கதவாகத் தட்டியபோது
டீ ஆறி ஆடை கட்டியது.
அறுபத்து நான்கு இழைகளாகப் பிரித்து அனுப்பினேன்,
டம்ளரை எடுப்பதற்குள் வந்துவிட்டன எல்லாம்.

கேமரா நான்கு. பிரிண்டர்.
குவார்ட்டர்ஸ் மாடியில் மேனேஜர் மகனின் கேம் பெட்டி.
நெட்டைத் தின்றது அதுதான்.
வேலை முடிந்தது, மூடியிருக்கலாம்.

எழுபத்தேழு என்று ஒன்று, என் லிஸ்டில் இல்லாதது.
எண்பது எண்பது போர்ட் திறந்து கிடந்தது.
பிரௌசரில் போட்டேன், பாஸ்வேர்டு கேட்கவில்லை.
இலைத் தராசு.
கடைசி எடை: மாதி, ஒன்னதலை, 41.3.
ஈரக் கழிவு: 6.
பக்கத்தில் சின்னதாக ஒரு பென்சில் படம்.

கொட்டகைச் சுவரில் பச்சைப் பெயிண்டில் இருக்கிறது,
மழைநாள் கழிவு நூற்றுக்கு நான்கு.

பென்சில் மேல் அம்பு நின்றது.
நான்கு என்று போட ஒரு விநாடி, யாருக்கும் தெரியாது.
நாளைக்கு யாரோ ஆறு என்று போடவும்
அதே ஒரு விநாடி.

அம்பை நகர்த்தினேன்.
பிரிண்ட் கொடுத்தேன்.
மை இல்லை என்றது. டோனரைக் கழற்றிக் குலுக்கிப் போட்டேன்.
இரவு 11.42, முகவரி, எண் ஆறு,
கீழே என் கையெழுத்து: ச. யோகராணி.

காலையில் பச்சைப் பெயிண்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
மாதி சாக்கை இறக்கிவிட்டுப் படித்தாள்.
சுவரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.
பின்னால் நின்ற பெள்ளியைக் கூப்பிட்டாள்.
பிறகு குடைகள்,
குடைக்கடியில் போன்கள், கிளிக் கிளிக்.
தராசில் யாரும் இலை வைக்கவில்லை.

ஜெபக்குமார் இன்னும் குளித்துக்கொண்டிருப்பார்.

முப்பத்தொன்பதாம் பயிற்சியைத் திறந்தேன்.
ஒரே ஒரு பிழை:
கடன் வாங்கியது போதுமான காலம் உயிரோடில்லை.
ஜன்னலில் பார்க்கிறேன்,
தாளின் ஒரு மூலை ஈரத்தில் சுவரை விட்டுவிட்டது.

டேப்பை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.